பெயரைப் பறித்தார்கள், மீட்டார்கள்

 

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நமது மரபு. தீய பொருள் தரும் பெயர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நல்ல பெயர்களாக மாற்றி வைத்தார்கள். 'கரடுமுரடு' எனப் பொருள்படும் ஹஜ்ன் என்ற பெயருடையவரிடம், "எளிமை" எனப் பொருள்படும் ஸஹ்ல் என்ற பெயரை எடுத்துரைத்தார்கள். அவரோ, தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார். அந்தக் கடுமை தம் குடும்பத்தில் நீடித்ததாக அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) பின்னர் வருந்தினார். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை நிர்ப்பந்திக்கவில்லை என்பது நாம் கவனிக்கத்தக்கது.

நிர்ப்பந்தம் எப்படியிருக்கும் என்பதைப் பல்கேரிய நாட்டு வரலாறு காட்டுகிறது. சுமார் ஐந்து நூற்றாண்டுகள் உதுமானிய ஆட்சியிலிருந்த அந்நாட்டில் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். பல்கேரிய மொழி பேசும் போமாக் முஸ்லிம்களின் பெயர்கள் 1912-13 ஆம் ஆண்டுகளிலும், 1970களின் தொடக்கத்திலும் பலவந்தமாக மாற்றப்பட்டன. 1984 டிசம்பரில் தோதர் ஷிவ்கோவின் கம்யூனிஸ அரசு துருக்கியர் பக்கம் திரும்பியது. கடுங்குளிரில் படையினர் கிராமங்களை வளைத்தனர். சில மாதங்களுக்குள் சுமார் எட்டு லட்சம் பேருக்குப் பல்கேரியப் பெயர்கள் திணிக்கப்பட்டன.

அந்நாட்டில் ஒருவருடைய பெயருடன் தந்தை பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்தே பதிவாகும். ஆகவே மகனின் பெயரை மாற்ற, மண்ணுக்குள் சென்றுவிட்ட தந்தையின் பெயரையும் பதிவேட்டில் மாற்றினர். சில ஊர்களில் மீஸான் கற்களும் தப்பவில்லை. கத்னாவும், பொது இடங்களில் துருக்கி மொழி பேசுவதும் தடுக்கப்பட்டன. எதிர்த்தவர்கள் சுடப்பட்டனர், சிறையில் அடைக்கப்பட்டனர். 1984 டிசம்பர் 26 அன்று மொகிலியானே கிராமத்தில், தாயின் கரங்களிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை துர்கான் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானாள். அவள் நினைவாக அவ்வூரில் ஒரு நீரூற்று நிற்கிறது.

பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோக்லுவின் பெயரும் 'நௌம் ஷலமானோவ்' ஆக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டு மெல்பர்ன் நகருக்குப் போட்டிக்காகச் சென்ற அவர், அங்கிருந்து துருக்கியிடம் தஞ்சம் புகுந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சொந்தப் பெயருடன் தங்கம் வென்றார்.

1989 மே மாதம் துருக்கியர் போராட்டம் வெடித்தது. அரசு எல்லையைத் திறந்து விட்டது. கோடை முடிவதற்குள் மூன்று லட்சத்திற்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டுத் துருக்கிக்குச் சென்றனர். அதே ஆண்டு நவம்பரில் ஷிவ்கோவ் பதவியிழந்தார். 1990 மார்ச்சில் பெயர்களை மீட்டுத்தரும் சட்டம் நிறைவேறியது. 2012 ஜனவரியில் பல்கேரிய நாடாளுமன்றமே இக்கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது.

அந்த மக்கள் உயிரையும் ஊரையும் இழந்து காத்த அமானிதம், நமக்கு எவ்விதத் தடையுமின்றிக் கிடைத்திருக்கிறது. பொருளறியாமல், ஓசை இனிமைக்காக மட்டும் பெயர் வைப்பது அதற்கு நன்றியாகாது. பொருளறிந்து பெயர் சூட்டுவோம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து, பெயரை எழுத்துப் பிழையின்றிச் சான்றிதழில் ஏற்றுவோம். பிள்ளைக்கு நாம் தரும் முதல் சொத்து அதுவே.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளை நல்ல பெயருக்குரிய நல்லோராக்கி அருள்வானாக! ஆமீன்.