ஆஸ்துமாவும் நரம்பு வளர்ச்சிக் காரணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்துமா பெரிதும் நரம்பு நோயாகவே கருதப்பட்டது. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860இல் வெளியிட்ட நூலில், மூச்சுக்குழாய்த் தசை இறுகுவதற்கு நரம்புகளே மூலம் என வாதிட்டார். 1960களில் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் கண்டறியப்பட்டதும் ஒவ்வாமையே முதன்மை விளக்கமாயிற்று. நரம்புகள் பின்னுக்குப் போயின. ஆனால், தூசிப்பூச்சி ஒவ்வாத ஒருவருக்குக் குளிர்காற்றும் ஊதுபத்திப் புகையும் வாய்விட்டுச் சிரிப்பதும்கூட ஏன் இழுப்பைக் கொண்டுவருகின்றன என்பதை ஐஜிஇ மட்டும் விளக்காது. அந்த இடைவெளியை நிரப்பத் தகுதியுள்ளது நரம்பு வளர்ச்சிக் காரணி.

ஆஸ்துமாவைத் தேடிப்போய்க் கண்டெடுத்த பொருளல்ல இது. இத்தாலியின் யூத அறிவியலாளர் ரீட்டா லெவி-மொந்தால்சினி, 1938இன் இனச் சட்டங்களால் பணியிழந்து, படுக்கையறையிலேயே கோழிக்கருக்களை ஆராய்ந்தவர். 1952இல் ரியோ டி ஜெனீரோவில், கோழிக்கருவின் நரம்புமுடிச்சைச் சுண்டெலிப் புற்றுக்கட்டித் துணுக்கின் அருகே கண்ணாடித் தட்டில் வளர்த்தார். ஒரு நாளுக்குள் முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் அடர்ந்த பரிவட்டமாக விரிந்தன. இழைகளை வளர்த்த புரதமே நரம்பு வளர்ச்சிக் காரணி; அதைப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமாவைப் பொறுத்தவரை முக்கியத் திருப்பம் 1977இல் வந்தது. இப்புரதம் செலுத்தப்பட்ட எலிக்குட்டிகளில், ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் பெருகியதை அலோவே என்னும் ஆய்வாளரும் லெவி-மொந்தால்சினியும் கண்டனர். நரம்புக்குரியது என்று எண்ணியிருந்த புரதம் நோயெதிர்ப்புச் செல்களோடும் பேசுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வாமை, ஆஸ்துமா நோயாளிகளின் இரத்தத்தில் இப்புரதம் மிகுந்திருப்பதை 1996இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். அழற்சி இருந்தால் எத்தனையோ புரதங்கள் ஏறும், இதுவும் வெறும் விளைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அளவு கூடியிருப்பது மட்டும் காரணத்தை நிறுவாது. ஆனால் 1990களின் இறுதியில் நடந்த விலங்குச் சோதனைகள் அதற்கு அப்பால் சென்றன. கினிப்பன்றிகளுக்கு இப்புரதத்தைச் செலுத்தியபோது, அவற்றின் மூச்சுக்குழாய் ஹிஸ்டமினுக்கு வழக்கத்தைவிடக் கடுமையாக இறுகியது. நரம்பு முனைகளிலிருந்து கசியும் பி-பொருளின் ஏற்பியை அடைத்தபோது அந்தக் கடுமை தணிந்தது. ஒவ்வாமையூட்டிய சுண்டெலிகளில் இப்புரதத்தைத் தடுத்தபோதும் மூச்சுக்குழாயின் மிகையுணர்ச்சி குறைந்தது. வெறும் விளைவு என்றால் கூட்டும்போது கூடவும் தடுக்கும்போது குறையவும் காரணமில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: சுண்டெலியின் மூச்சுக்குழாய் நரம்பமைப்பு மனிதருடையதைப் போன்றதல்ல, இப்புரதத்தைத் தடுக்கும் ஆஸ்துமா மருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. இப்புரதத்தைத் தடுப்பதற்காக உருவாகி மூட்டுவலிக்காகச் சோதிக்கப்பட்ட டனெசுமாப் என்னும் மருந்து சிலருக்கு மூட்டை விரைவாகச் சிதைத்ததால், நுரையீரலுக்குள் மட்டும் செயல்படும் தடுப்பு முறையே பாதுகாப்பான வழியாக இருக்கக்கூடும்.