எல்லிஸ் குறிப்பும் கால்டுவெல் முன்னுரையும்: முன்னாய்வு மதிப்பீட்டின் வரலாற்றில் ஒரு பக்கம்

ஆய்வேடு எழுதப் புகுவார் எவரும் தொடக்கத்தில் ‘முன்னாய்வுகள்’ என்று தலைப்பிட்டுச் சில பக்கங்கள் எழுதுதல் இன்று மரபாகிவிட்டது. அப்பக்கங்களை எழுதுவோரும் விரும்பி எழுதுவதில்லை. படிப்போரும் விரும்பிப் படிப்பதில்லை. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன நூல் எழுதினார், இன்னார் இன்ன கருத்தைக் கூறினார் என்று மளிகைக் கடைச் சீட்டுப் போல வரிசை நீளும். முடிவில், ‘இவ்வாய்வுப் பொருள் இதுவரை எவராலும் தனித்து ஆராயப்படவில்லை’ என்று ஒரு தொடர் வரும். அத்தொடரை எழுதத்தான் மேலே உள்ள வரிசை முழுதும் போடப்பட்டது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

முன்னோர் கூறியதை எடுத்து மதிப்பிட்டபின் தன் கருத்தை வைத்தல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் நூல் நெடுகத் தமக்கு முற்பட்டோரைச் சுட்டுகிறார். சேனாவரையர் இளம்பூரணரைப் பெயர் சொல்லாது ‘உரையாசிரியர்’ என்றே குறித்து, அவர் கொள்கையை எடுத்து வைத்து, காரணங் காட்டி மறுக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தியாரோ இச்செயலுக்கு ஓர் இலக்கணமே வகுத்துவிட்டார். நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை அவர் ஏழு மதங்களாகப் பகுக்கிறார். பிறர் கூற்றுக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறிய இடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றங் காட்டல், எவரோடும் சேராது தன் கொள்கையே கொள்ளல். நம் பல்கலைக்கழகங்களில் முன்னாய்வு பற்றி மாணவருக்குக் கற்பிக்கப்படும் குறிப்புகள் பலவற்றினும் இவ்வேழு தெளிவானவை என்பது என் எண்ணம்.

ஆனால் இவ்வேழனுள் எதிலும் அடங்காத ஒரு முறையும் உண்டு. முன்னோனைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அப்பாராட்டிலேயே அவன் செய்த பணியைச் சிறிதாக்கிவிடும் முறை அது. தமிழாய்வின் வரலாற்றில் அதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு; அதனைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1810இல் சென்னையின் கலெக்டர் ஆனவர். திருக்குறளில் அவர் கொண்ட ஈடுபாடு தமிழர் பலரும் அறிந்தது. 1818இல் நீர்ப்பஞ்சத்தை ஒட்டி அவர் தோண்டுவித்த கிணறுகளில் ஒன்றின் நினைவாக இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருந்த தமிழ்க் கல்வெட்டில் குறள் ஒன்றும் பொறிக்கப்பெற்றுள்ளது. ஆனால் அவர் செய்த மிகப் பெரிய பணி கல்லில் இல்லை; ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முகப்பில் உள்ளது.

கம்பெனியின் இளம் அலுவலர்கள் தென்னாட்டு மொழிகளைக் கற்பதற்காக 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதனைத் தோற்றுவித்து நடத்தியவர்களுள் எல்லிஸ் முதன்மையானவர். அக்கல்லூரியின் அச்சகத்தில் 1816இல் வெளிவந்தது அலெக்சாண்டர் டங்கன் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம். தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என்பதே அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. கல்கத்தாவை ஒட்டி உழைத்த கோல்புரூக், வில்கின்ஸ், செராம்பூரில் 1814இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட வில்லியம் கேரி ஆகியோர் அக்கொள்கையினர். அவர்கள் எளிதில் தள்ளத்தக்கவர் அல்லர். வடமொழிப் புலமையில் அந்நாளைய ஐரோப்பியருள் தலையாயவர். காம்பெல் தம் முன்னுரையில் அவர்கள் கருத்தை எடுத்துரைத்து, அதனை ஏற்க இயலாமையைத் தெரிவிக்கிறார். அதற்குச் சான்று தரும் பொருட்டு எல்லிஸ் எழுதிச் சேர்த்ததே ‘முன்னுரைக்குக் குறிப்பு’ என்னும் பகுதி.

பெயர்தான் குறிப்பு. அது மூன்று படியாக ஏறும் ஒரு நிறுவல். முதற்படி வேர்ச்சொற்கள். கல்லூரியின் தெலுங்கு, வடமொழித் தலைமையாசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்குத் தாதுக்களின் பட்டியலை எல்லிஸ் துணையாகக் கொள்கிறார். வடமொழித் தாதுக்களையும் தெலுங்குத் தாதுக்களையும் அருகருகே நிறுத்தி, அவை வேறு வேறு என்று காட்டுகிறார். அடுத்துத் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய மூன்றன் வேர்களை இணையாக நிறுத்தி, அவை ஒரே குடும்பத்தின என்று காட்டுகிறார். இரண்டாம் படி சொற்கள். மாமிடி வெங்கய்யா தம் தெலுங்கு அகராதியான ‘ஆந்திர தீபிகை’யில் கூறும் தற்சமம், தற்பவம், தேசியம், கிராமியம் என்னும் பாகுபாட்டை எடுத்துக்கொண்டு, வடசொற்களை நீக்கிய பின்னும் எஞ்சும் சொற்களே மொழியின் உடம்பு என்று காட்டுகிறார். மூன்றாம் படி தொடரமைப்பு. ஒரே கருத்தை வெவ்வேறு மொழிகளில் பெயர்த்து வைத்து, தென்மொழிகளின் சொற்கிடக்கை தம்முள் ஒத்தும் வடமொழியினின்று வேறுபட்டும் செல்லுதலைக் காட்டுகிறார். மலையாளம், துளு, குடகு ஆகியவற்றையும் இக்குடும்பத்தில் சேர்க்கிறார். வங்காளத்தை அடுத்த இராஜ்மஹால் மலைவாழ் மக்களின் பேச்சிலும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொற்கள் மிகுந்திருத்தலைச் சுட்டுகிறார். இன்று ‘மால்டோ’ எனப்படும் அம்மொழி வட திராவிடக் கிளையைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை.

இக்குறிப்பை முன்னாய்வு மதிப்பீடு என்னும் கண்கொண்டு நோக்கினால் இரண்டு செய்திகள் புலனாகும். தாம் மறுக்கும் கருத்து யாருடையது என்பது அங்கே மறைக்கப்படவில்லை. மறுப்புக்கு உரியது இன்னது என்று முதலிலேயே வரையறுக்கப்படுகிறது. மற்றொன்று இதனினும் போற்றத்தக்கது. மேனாட்டாரை மறுக்கும்போது அவர் துணை கொள்வது நாட்டுப் புலவரின் நூல்களை. பட்டாபிராம சாஸ்திரியும் மாமிடி வெங்கய்யாவும் அங்கே பெயரோடு வருகின்றனர். ‘ஒரு பண்டிதர் கூறினார்’ என்று எழுதிச் சென்றோர் மலிந்த காலம் அது.

பிரான்சு பாப் வடமொழியின் வினை விகுதிகளைக் கிரேக்கம், இலத்தீன் முதலியவற்றோடு ஒப்பிட்டு எழுதிய நூல் வெளிவந்ததும் இதே 1816இல்தான். சென்னையிலும் ஜெர்மனியிலும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆண்டில் இருவர் மொழிக் குடும்பத்தை நிறுவும் வழி தேடியிருக்கின்றனர். பாப்பின் நூல் ஒரு துறையின் தொடக்கமாயிற்று. எல்லிஸின் குறிப்பு ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முகப்பிலேயே தங்கிவிட்டது.

அதற்குக் காரணங்கள் உண்டு. நாற்பது வயது நிரம்பும் வரை பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதி பூண்டிருந்தார் என்பர். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பத்தொன்றுதான். அவருடைய கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதி மதுரையில் ஓர் அதிகாரி வீட்டுச் சமையற்காரனுக்கு மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்பட்டது என்றொரு செய்தியும் வழங்கிவந்தது. அது முழு உண்மையோ அன்றோ, எஞ்சியவை மிகச் சில. தமிழ் கற்போர் தெலுங்கு இலக்கணத்தைப் புரட்டுவதும் அரிது.

எல்லிஸ் குறிப்பு அச்சேறியபோது இராபர்ட் கால்டுவெல் இரண்டு வயதுக் குழந்தை. 1838இல் சென்னைக்கு வந்து, பின் இடையன்குடியில் தங்கி, 1856இல் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் பெருநூலை அவர் வெளியிட்டார். 1875இல் பெரிதும் விரிவாக்கப்பெற்ற இரண்டாம் பதிப்பு வந்தது. அந்நூலின் பெருமையைக் குறைத்துக் கூற எவராலும் இயலாது. ஒலி, வேர், பெயர், எண், இடப்பெயர், வினை என ஒவ்வொன்றாக எடுத்து, பன்னிரண்டு மொழிகள் வரை ஒப்பிட்டு, ‘திராவிடம்’ என்னும் பெயரையே மொழிக்குடும்பப் பெயராக நிலைநிறுத்தியவர் அவர்.

அவர் தம் முன்னோரை மறைத்தார் என்று சிலர் இக்காலத்தில் எழுதுகின்றனர். அது தவறு. தம் முன்னுரையில் அவர் எல்லிஸை முதலாவதாகப் பெயர் சொல்லியே குறிக்கிறார். இத்துறையில் முதற்கண் நிலம் கீறியவர் என்கிறார். தமிழில் ஆழ்ந்த புலமையுடையவர் என்று பாராட்டுகிறார். காம்பெலின் இலக்கணத்தில் அக்குறிப்பு உள்ளது என்று இடமும் காட்டுகிறார். பின்னர் ஸ்டீவன்சன், ஹாட்ஸன் முதலியோரையும் எடுத்து மதிப்பிடுகிறார். முன்னாய்வு எழுதுவோர் செய்ய வேண்டியவை அனைத்தையும் அவர் செய்திருக்கிறார் என்றே தோன்றும்.

ஆனால் அதே தொடரில் எல்லிஸின் பணிக்கு அவர் இடும் எல்லையைக் காண்க. அது சுவையானது, எனினும் மிகச் சுருக்கமானது. மூன்று மொழிகளின் சொற்கள் சிலவற்றை ஒப்பிட்டதே அன்றி இலக்கண வடிவங்களை ஒப்பிட்டதன்று என்பது அத்தொடரின் கருத்து. இது முழுப் பொய்யன்று. வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் எல்லிஸ் வரிசையாக ஒப்பிடவில்லை என்பது மெய். எனினும் தாதுக்களின் ஒப்பீடு ‘சொற்கள் சிலவற்றின்’ ஒப்பீடு ஆகாது. தொடரமைப்பைப் பற்றிய மூன்றாம் படிக்கு அத்தொடரில் இடமே இல்லை. துளுவும் குடகும் இராஜ்மஹாலும் அதில் காணாமற் போகின்றன.

இதில் ஒரு காலநுட்பமும் உண்டு. சொற்களை ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்கலாம். இலக்கண வடிவங்களை அவ்வாறு எளிதில் வாங்க இயலாது. ஆதலின் இலக்கண ஒப்புமையே உறவுக்குச் சான்று என்பது பாப்புக்குப் பின் மொழியியலார் கொண்ட முடிவு. அம்முடிவு வேரூன்றிவிட்ட காலத்தில், ‘சொற்களை ஒப்பிட்டார், இலக்கணத்தை ஒப்பிடவில்லை’ என்று ஒருவரைப் பற்றி எழுதினால், ‘அவர் சான்று காட்டவில்லை’ என்பதே படிப்பவர் கொள்ளும் பொருள். கால்டுவெல் அவ்வாறு வெளிப்படக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை. நான் மேலே குறித்த எட்டாம் மதம் இதுவே.

பின்வந்தோர் செய்தது எளிது. தெலுங்கு இலக்கணத்தைத் தேடிச் செல்வதினும் கால்டுவெலின் முன்னுரையைப் படிப்பது எளிதாகையால், எல்லிஸைப் பற்றிய செய்தியைக் கால்டுவெலிடமிருந்தே எடுத்தனர். அவர்களிடமிருந்து பாடநூல்கள் எடுத்தன. பாடநூல்களிலிருந்து வினா விடை நூல்கள் எடுத்தன. ஒவ்வொரு கை மாறும்போதும் அத்தொடர் தேய்ந்தது. ‘எல்லிஸ் சில சொற்களை ஒப்பிட்டார்’ என்பது ‘எல்லிஸும் இது பற்றிச் சிந்தித்தார்’ என்றாகி, பின் ‘திராவிட மொழிக்குடும்பத்தை முதன்முதல் கண்டவர் கால்டுவெல்’ என்று ஒற்றை வரியில் நின்றது.

இதனை எழுதும் எனக்கு இவ்வரலாற்றில் பங்கு உண்டு என்பதை ஒளிப்பதற்கில்லை. எம்.ஃபில். பட்டத்துக்கு நான் அளித்த ஆய்வேட்டின் முதல் இயலில் எல்லிஸுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தேன். அவ்வரி ஒரு பாடநூலில் இருந்து எடுத்தது. அடிக்குறிப்பில் காம்பெலின் இலக்கணத்தையே, 1816 என்ற ஆண்டோடு, நான் நேரே பார்த்தவன் போலக் குறித்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் அதனை ஒருவரும் வினவவில்லை. பின்னர் என் மாணவர் சிலர் அவ்வடிக்குறிப்பைத் தம் ஆய்வேடுகளில் அப்படியே எடுத்தாண்டபோது, கண்டும் காணாதவனாய் ஒப்பமிட்டேன். ஆசிரியனே பாராத நூலை மாணவன் பார்த்தானா என்று எப்படிக் கேட்பது?

தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் எல்லிஸின் குறிப்பையும், பல நூலகங்களில் சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளையும் நேரே கண்டு எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது. இராம. சுந்தரம் அதனைத் ‘திராவிடச் சான்று’ என்னும் பெயரில் தமிழாக்கினார். குறிப்பில் உள்ளது சில சொற்களின் ஒப்பீடு அன்று, முழுமையான ஒரு நிறுவல் என்பதை விரிவாக எடுத்துக்காட்டியவர் டிரவுட்மன். ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்று மட்டும் கூறாமல், வேர்களைப் பிரித்தறியும் இந்திய இலக்கண மரபும் சென்னைக் கல்லூரிப் புலவர்களின் உழைப்பும் அதில் கலந்திருத்தலையும் அவர் காட்டினார். அவர் நூலைப் படித்து முடித்த இரவில்தான் என் பழைய ஆய்வேட்டை எடுத்து அந்த அடிக்குறிப்பைப் பார்த்தேன்.

இதிலும் ஒரு விந்தை நிகழ்ந்திருக்கிறது. இப்போது வரும் ஆய்வேடுகளில் ‘கால்டுவெலுக்கு முன்னரே எல்லிஸ் கண்டார்’ என்று தவறாமல் எழுதுகின்றனர். அடிக்குறிப்பில் 1816ஆம் ஆண்டின் தெலுங்கு இலக்கணம். எடுத்தது டிரவுட்மனிடமிருந்து, அவர் பெயரோ காணோம்.

ஆதலின் சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முன்னாய்வு இயலைக் கொண்டுவரும் மாணவரிடம், அதில் கூறப்பட்ட நூல்களுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவந்து அவர் சுட்டிய பக்கத்தைக் காட்டுமாறு கேட்பேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி காம்பெலின் இலக்கணத்தையே கொண்டுவந்தார். பழைய நூல்கள் பல இன்று மின்படியாகக் கிடைக்கின்றன. அவர் கைப்பேசியிலேயே அது இருந்தது. எல்லிஸின் மூன்றாம் படி வந்ததும், ‘ஐயா, தொடரமைப்பு ஒத்திருப்பது ஒரே குடும்பம் என்பதற்குச் சான்றாகுமா? பக்கத்துப் பக்கத்து மொழிகள் பழக்கத்தாலும் அப்படி ஒத்துப் போகலாமே?’ என்று கேட்டார். எமனோ 1956இல் எழுதிய கட்டுரையை அவர் படித்திருந்தார். வேறு வேறு குடும்பத்து மொழிகளும் இந்திய மண்ணில் நெடுங்காலம் உடன் வாழ்ந்து பல கூறுகளில் ஒன்றையொன்று ஒத்துவிட்டன என்பது அக்கட்டுரையின் பொருள். அப்படியானால் மூன்றாம் படியைத் தனித்து எடுத்தால் வலுவில்லை, முதற்படியோடு சேர்த்தே நிறுக்க வேண்டும் என்றேன். ‘கால்டுவெல் அதனைச் சொல்லாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாய் இருக்குமோ?’ என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவை அவர் தம் இரண்டாம் இயலில் எழுதியிருக்கிறார்.