துணிக்கை மோதலும் அதன் தராசும்

ஹாலிஎலப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் வேளையில் எழும் வாக்குவாதம் மலையகத்தார் அறியாததன்று. கூடைக்கும் ஈரத்துக்குமாக எத்தனை கிலோ கழிப்பது என்பதில் ஒருநாட் கூலியே தங்கியிருத்தல் கூடும். தராசு பிழைபடின் அதன்மேல் எழுந்த கணக்கு யாவும் பிழைபடும். துணிக்கைப் பௌதிகத்தின் வரலாற்றிலும் இத்தகைய தராசுச் சிக்கல் ஒன்று உண்டு.

எதிரெதிராக வரும் இரு புரோத்தன் கற்றைகள் எத்துணை நெருக்கமாக ஒன்றையொன்று ஊடுருவுகின்றன என்பதைக் குறிக்கும் அளவே ஒளிர்வு. (பெயர் அவ்வாறாயினும் ஒளிக்கும் இதற்கும் உறவில்லை.) அரிய நிகழ்ச்சியொன்று நூறு முறை நேர்ந்தது என எண்ணிவிடுதல் எளிது. அவ்வெண்ணை ஒளிர்வால் வகுத்தாலன்றி அந்நிகழ்ச்சியின் இயல்பான வாய்ப்பு புலப்படாது.

இதனை அளக்கும் வழியை 1968இல் ஓர் உள்ளகக் குறிப்பில் எழுதியவர், ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்திற் பணியாற்றிய ஒல்லாந்துப் பொறியியலாளர் சைமன் வான் டெர் மேர். 1971இல் அங்கு முதல் மோதல்கள் நிகழ்ந்த குறுக்கிடு சேமிப்பு வளையங்களுக்காகவே அவர் அதனைச் சிந்தித்தார். ஒரு கற்றையை மற்றதன் குறுக்கே மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாக நகர்த்துக. எண்ணிக்கை எவ்வாறு குன்றுகிறது என நோக்குக. அவ்வளைகோடே கற்றைகளின் பயனுறு உயரத்தைத் தந்துவிடும். எண்ணியின் திறனை முன்கூட்டி அறியவேண்டியதில்லை என்பதே இதன் அழகு. 1984இல் அவர் நோபல் பரிசு பெற்றது பிறிதொரு பணிக்காகவாயினும், இம்முறையே இன்றும் மோதிகளின் அடிப்படைத் தராசாக நிற்கின்றது.

ஆயின் எண்ணியும் ஏற்றதாதல் வேண்டும். சேர்னின் மாபெரும் ஹட்ரன் மோதியில் 2015 முதல் 25 நனோசெக்கன் இடைவெளியில் புரோத்தன் திரள்கள் சந்திக்கின்றன. ஒரே சந்திப்பில் இருபதுக்கும் மேற்பட்ட மோதல்கள் நேர்வதுண்டு. 'மோதல் உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் எண்ணி இங்கு திணறும். சி.எம்.எஸ். பரிசோதனையின் முதலாவது சிலிக்கன் படவணு உணரியில் 6 கோடியே 60 இலட்சம் படவணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 100க்கு 150 மைக்குரோமீற்றர். குறித்த ஒன்றைத் துணிக்கை தாக்கும் வாய்ப்பு மிகச் சிறிது. ஆதலால் தாக்குண்ட படவணுக் கொத்துகளின் தொகை மோதல்களின் தொகையோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் ஏறும். 2015இல் ஒளிர்வுக்கென்றே 16 படவணுத் தொலைநோக்கிகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று தளங்கள்; மூன்றும் ஒருங்கே தாக்குண்டால் மட்டுமே அது எண்ணப்படும்.

சிலிக்கன் உணரி நமது அயலுக்கும் அந்நியமன்று. அதே சி.எம்.எஸ். பரிசோதனையின் ஒரு பகுதிக்கான சிலிக்கன் பட்டை உணரிகள் பெங்களூரில் ஆக்கப்பட்டன.

கதிர்வீச்சு இவ்வுணரிகளையும் நாளடைவிற் சிதைக்கிறது. எனவே கற்றை நகர்த்தும் சோதனை மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்பட்டு, வெவ்வேறு எண்ணிகளின் விடைகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. 2016ஆம் ஆண்டுத் தரவுக்கு சி.எம்.எஸ். எய்திய ஐயப்பாடு 1.2 சதவீதம். அடுத்துவரும் உயர் ஒளிர்வுக் காலத்துக்கு 1 சதவீதம் இலக்காகக் கொள்ளப்பட்டுள்ளது.