நுழைந்த முறையும் வதிவுரிமையும்: திருச்சிராப்பள்ளி முகாம்களில் மலையகத் தமிழர்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பணியின் தலைமையிடமாகத் திருச்சிராப்பள்ளி விளங்கியது. அத்தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோருள் ஒரு பகுதியினர் அதே நகரின் கொட்டப்பட்டு முதலிய முகாம்களில் 'அகதிகள்' என்னும் பெயரில் பல பத்தாண்டுகளாக வாழ்கின்றனர். ஒரே வம்சாவளியினரான இவர்களுள் சிலர் 'தாயகம் திரும்பியோர்' எனக் குடியுரிமை பெற, சிலர் 'சட்டவிரோதக் குடியேறிகள்' ஆனது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிறப்பிடம், முன்னோர், வாழ்ந்த காலம் ஆகியவற்றைக் காட்டிலும் எல்லையைக் கடந்த முறையே இவ்வேறுபாட்டைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மலையகத் தமிழர், குடியுரிமை, வதிவுரிமை, தாயகம் திரும்பியோர், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், கொட்டப்பட்டு

முன்னுரை

அயல்நாட்டில் குடியேற விரும்புவோர் இன்று முதலில் வினவுவன மூன்று: எவ்வகை விசா கிடைக்கும், எத்தனை ஆண்டு வதிய வேண்டும், அதன்பின் என்ன உரிமை வரும். இவ்வினாக்களுக்கு விடை கூறும் சட்டங்கள், குடிபெயர்பவர் உரிய ஆவணங்களுடன் எல்லையைக் கடந்திருப்பார் என்னும் எடுகோளின்மீது அமைந்தவை. ஆவணம் கேட்கப்படாத காலத்தில் கடல் கடந்து, ஆவணம் இன்றியமையாததான காலத்தில் திரும்பி வந்த மக்களுக்கு அந்த எடுகோள் பொருந்துவதில்லை. மலையகத் தமிழர் அத்தகைய மக்கள். அவர்தம் போக்கிலும் வரவிலும் திருச்சிராப்பள்ளிக்கு இடமுண்டு என்பதால், அந்நகரை மையமாகக் கொண்டு இச்சிக்கலை நோக்குவது பயன்தரும்.

1. ஆவணமற்ற புறப்பாடு

தோட்ட உரிமையாளர்களின் தேவையை முன்னிட்டு 1904இல் நிறுவப்பட்ட சிலோன் லேபர் கமிஷன், திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்துவதும் கங்காணிகளைக் கண்காணிப்பதும் அதன் பணிகளாக இருந்தன. இவ்வாறு சேர்க்கப்பட்டவர் கையில் கடவுச்சீட்டு இல்லை. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகர வில்லை ஒன்றே அவரது அடையாளம். 'டின் டிக்கெட்' என வழங்கிய அவ்வில்லையைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அது ஆளுக்குரிய சான்று அன்று. ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதற்கான சான்று. கடன் தொகையைக் குறித்துத் தொழிலாளரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற உதவிய 'துண்டு' முறையும் இத்தன்மையதே. அது 1921இல் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவும் இலங்கையும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தமையால் இப்போக்குவரத்து இரு நாடுகளுக்கு இடைப்பட்டதாகக் கருதப்படவில்லை. ஊரில் திருமணம், பேறுகாலம், இறப்பு, கோயில் திருவிழா என வந்து மாதக்கணக்கில் தங்கித் திரும்புவது இயல்பாக இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இப்போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியது. 1939 ஆகஸ்டில் திறன்சாராத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. இலங்கையில் இருந்தவர் இலங்கையிலேயே நிலைகொள்ள வேண்டிய கட்டம் அதனுடன் தொடங்கியது எனலாம்.

2. வதிவுக்குச் சான்று கேட்ட சட்டங்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தோரிடமும் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பேறுகாலத்துக்குத் தாயகம் வந்து சென்ற குடும்பங்களுக்கும், பிறப்புப் பதிவு முறையாக நடைபெறாத தோட்டங்களில் வாழ்ந்தோருக்கும் இச்சான்று எட்டாததாயிற்று. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வதிவை அடிப்படையாகக் கொண்டது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வதிந்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்ட் 5உடன் முடிந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவர்களுள் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

'இடைவிடாத வதிவு' என்னும் சொற்றொடர் இங்குக் கருதத்தக்கது. ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கியது வதிவின் முறிவாகக் கொள்ளப்பட்டது. எவ்விதத் தடையுமின்றி நடைபெற்று வந்த போக்குவரத்து, பின்னாளைய சட்டத்தால் குற்றமாக அன்றாயினும் குறையாக மாற்றப்பட்டது.

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு இதற்கு மாறான ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், அயல்நாட்டில் வாழும் ஒருவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம். ஆயினும் இலங்கையில் நிலைகொள்ள விரும்பியவர் இவ்வழியை நாடினால் அங்குள்ள உரிமைக்கோரிக்கையைக் கைவிட நேரும். ஆகவே பெரும்பான்மையோர் இரு நாடுகளிலும் குடியுரிமையின்றி நின்றனர்.

3. ஒப்பந்தத்தின் வழி வந்தோர்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றோர் எனக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. இலங்கையில் நால்வர்க்குக் குடியுரிமை எனின் எழுவர் இந்தியா செல்ல வேண்டும் என்னும் விகிதமும் வகுக்கப்பட்டது. ஒருவர் வாழ்ந்த காலமோ அவரது விருப்பமோ இக்கணக்கின் அடிப்படை அன்று.

இவ்வாறு இந்தியக் கடவுச்சீட்டு பெற்றோர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, குடும்ப அட்டையுடன் மறுவாழ்வுத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வழியில் தாயகம் திரும்பினர். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், வணிகக் கடன், 1969இல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கி ஆகியன இவர்களை முன்னிட்டு உருவானவை அல்லது இவர்களுக்கு இடமளித்தவை. மறுவாழ்வின் தரம் குறித்துக் கடுமையான விமரிசனங்கள் உண்டு. எனினும் இவர்களது குடியுரிமை ஐயத்துக்கு உள்ளாகவில்லை.

4. படகில் வந்தோர்

ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தபோதே அதன் பாதைக்கு வெளியே மற்றொரு பெயர்ச்சி தொடங்கியிருந்தது. 1973 – 74இன் உணவுப் பஞ்சம், தோட்டங்கள் அரசுடைமையானதால் ஏற்பட்ட குலைவு, 1977இன் வன்முறை ஆகியவற்றால் தோட்டங்களை விட்டு வெளியேறிய மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறினர். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் போர் அங்கும் பரவியது. கப்பல் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் பயணிக்க இயலாது தோட்டங்களில் தங்கிவிட்டனர். உயிர் காக்க வேண்டியவர்க்கு எஞ்சிய வழி மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்ட படகு ஒன்றே.

1983க்குப் பின் பல அலைகளாகத் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இவர்களுள் யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய பகுதிகளைச் சேர்ந்தோரும் மலையக வழியினரும் ஒருங்கே 'அகதிகள்' எனப் பதியப்பட்டனர். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே அகதி என்பது இங்கு நிருவாக வழக்கேயன்றிச் சட்டம் வரையறுத்த தகுதி அன்று. சட்டத்தின் பார்வையில் அவர் அயலார். கடவுச்சீட்டின்றி வந்தமையால் சட்டவிரோதக் குடியேறி.

இவ்வேறுபாட்டின் விளைவை விளக்கத் திருச்சிராப்பள்ளியிலேயே ஓர் ஒப்புமை உண்டு. பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்புடன் இங்கு அமைந்தது. அதன் ஊழியர்க்கெனக் கைலாசபுரம் குடியிருப்பு எழுந்தது. இத்தகைய ஆலைக்குப் பணி விசாவுடன் வரும் அயல்நாட்டு வல்லுநர் ஒருவர், உரிய அலுவலகத்தில் பதிந்து, விசாவை நீட்டித்து, சட்டம் கூறும் ஆண்டுகள் வதிந்தபின் இயல்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கைலாசபுரத்துக்கு அணித்தேயுள்ள வாழவந்தான்கோட்டை முகாமில் முப்பது ஆண்டு வதிந்தவர் அவ்வாறு விண்ணப்பிக்க இயலாது. வதிந்த காலம் அவருக்கே மிகுதி. ஆயினும் அக்காலம் சட்டத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

5. குடியுரிமைச் சட்டத்தின் வழிகளும் தடைகளும்

1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், நம் பொருளோடு தொடர்புடைய மூன்று வழிகளை வகுக்கிறது: பிறப்பு, பதிவு, இயல்புரிமை. பதிவுக்கான 5ஆம் பிரிவும் இயல்புரிமைக்கான 6ஆம் பிரிவும், விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது என நிபந்தனை இடுகின்றன. இந்நிபந்தனை 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் விளைவு. மேலும் பதிவுக்குரிய 'இந்திய வம்சாவளி' என்பது, தாமோ பெற்றோருள் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருத்தல் என்னும் அளவில் நிற்கிறது. 8ஆம் உறுப்பு ஏற்ற பாட்டன் பாட்டியர் தலைமுறை இங்கு இல்லை. மலையகத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தவரை இவ்வரையறை வெளியே நிறுத்துகிறது.

பிறப்பு வழியும் படிப்படியாகக் குறுகியது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், குடிமகன் ஆவார். அதன்பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்க்கு, ஒருவர் குடிமகனாயினும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது. முகாமைச் சேர்ந்த ஒருவர் உள்ளூர்க் குடிமகளை மணந்தாலும் அவர்தம் குழந்தைக்கு இப்பிரிவின்கீழ் உரிமை வாராது. பெற்றோர் நுழைந்த முறை, இங்கேயே பிறந்த குழந்தையின் தகுதியாக மாறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்னும் தடையைச் சிலருக்கு நீக்கியது. எனினும் அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே தழுவியது.

6. நீதிமன்றத்தின் முன்

முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தானே குடியுரிமை வழங்கவில்லை. புதிதாக விண்ணப்பிக்க இடமளித்து, அவற்றின்மீது 16 வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. சட்டத்தின் கண்டிப்பைத் தளர்த்தும் அதிகாரம் அவ்வரசுக்கு உண்டு என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. மலையக வழியினரை ஏனைய அகதிகளிலிருந்து வேறுபட்ட வரலாறுடையோராக நோக்கியது அத்தீர்ப்பின் சிறப்பு.

2022 ஆகஸ்டில் அதே கிளை அளித்த மற்றொரு தீர்ப்பு பிறப்பு வழியைச் சார்ந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்ணொருவர், 1987 ஜூலை 1க்கு முந்தைய பிறப்பால் இந்தியக் குடிமகள் என ஏற்கப்பட்டு, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிடப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். பிறந்தது முதல் குடிமகளாக இருந்தவர் முப்பத்தெட்டாம் வயதில்தான் வாக்களிக்க முடிந்தது என்பது, உரிமை இருப்பதும் அதற்குச் சான்று ஏற்கப்படுவதும் வெவ்வேறு என்பதை உணர்த்துகிறது.

7. இன்றுள்ள நிலை

தமிழக அரசு 2021இல் அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற, அயலார் சட்டத்தின்கீழ் வெளியான ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமை பற்றிய தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. இது தண்டனை அச்சத்தை நீக்கும். தானாகவே குடியுரிமை வழங்காது.

எதிர்வாதம் ஒன்றையும் இங்குக் கருதுதல் வேண்டும். இலங்கை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளித்து, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியாவில் உள்ளோர்க்கும் அதனை விரிவாக்கியது. ஆகவே இவர்கள் நாடற்றோர் அல்லர், அங்குத் திரும்பலாம் என்பது அவ்வாதம். திரும்ப விரும்புவோர்க்கு அது உண்மையான வழியே. ஆனால் வடக்கின் குடியேற்றங்களில் நிலவுரிமை பெறாது வாழ்ந்து வெளியேறியவர்க்கும், தமிழகத்திலேயே பிறந்து கல்வி கற்று மணமுடித்தவர்க்கும் அங்குத் திரும்புதற்கு வீடோ நிலமோ இல்லை. குடியுரிமை ஓரிடத்தில் கிடைக்கிறது என்பது, வாழ்வு அமைந்த இடத்தில் அதைக் கோருவதை வலுவற்றதாக்காது.

முடிவுரை

மலையகத் தமிழரின் வரலாற்றில் வதிவுரிமையின் அளவுகோல் மும்முறை மாறியுள்ளது. 1948இல் முன்னோரின் பிறப்பிடம், 1949இல் இடைவிடாத வதிவு, 1964இல் இரு அரசுகளின் எண்ணிக்கை என நின்ற அளவுகோல், 1983க்குப் பின் நுழைந்த முறையாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணன் குடிமகனாகவும், மன்னாரில் படகேறிய தம்பி சட்டவிரோதக் குடியேறியாகவும் கருதப்படுவதற்கு இதுவன்றி வேறு காரணம் இல்லை.

ஆய்வாளர் செய்யத்தக்க பணி இங்கு ஒன்று உண்டு. தோட்டப் பதிவேடுகள், ஒப்பந்தக்கால விண்ணப்பங்கள், மண்டபம் பதிவுகள், முகாம் பதிவேடுகள் ஆகியன தனித்தனியே பல அலுவலகங்களில் கிடக்கின்றன. இவற்றைக் குடும்பவாரியாக ஒப்பிட்டால், முகாம்வாசிகளுள் எவருடைய பெற்றோர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர், எவர் அதனைப் பெற்றனர், எவர் 1987 ஜூலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தனர் என்பன தெளிவாகும். அத்தெளிவு வரலாற்று அறிவுக்கு மட்டுமன்றி, இன்று விண்ணப்பத்துடன் நிற்பவரின் சான்றுக்கும் உதவும்.