கல்லின் மறைவில் வளரும் புற்று: சிறுநீரகச் செதிள்செல் புற்றுநோய் குறித்து

சிறுநீரகப் புற்றுகளில் பெரும்பாலானவை சிறுநீரைப் பிரித்தெடுக்கும் சதைப்பகுதியில் எழுபவை. பிரிந்த சிறுநீர் வந்து சேரும் புனல் போன்ற பகுதியில் தோன்றுபவை குறைவு. அவற்றுள்ளும் தட்டையான செதிள்செல்களால் ஆன வகை மிக அரிது. சிறுநீரகப் புற்றுகள் நூற்றில் ஒன்று என்ற அளவைக்கூட இது எட்டுவதில்லை. ஆனால் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் சிறுநீரகக் கல்லோடு வாழ்ந்தவர்கள்.

இதில் முதலில் விளக்க வேண்டிய புதிர் ஒன்று உண்டு. அந்தப் புனலின் உட்படலத்தில் இயல்பாகச் செதிள்செல்களே கிடையா. இல்லாத செல்லிலிருந்து புற்று எப்படி எழும்? விடை கல்லில் இருக்கிறது. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அதில் உப்புகள் படிந்து, புனலையும் அதன் கிளைகளையும் நிரப்பும் மான்கொம்புக் கல் வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் உராய்வும் கிருமித்தொற்றும் தாக்க, மென்மையான படலம் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைப் போலத் தடித்துச் செதிள்செல்லாக மாறுகிறது. பிறகு அச்செல்கள் ஒழுங்கு குலைந்து, சிலரிடம் புற்றாகின்றன. தற்காப்பாகத் தொடங்கியதே கேடாக முடிகிறது.

நாட்பட்ட உறுத்தலிலிருந்து இவ்வகைப் புற்று எழுவது சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் சிஸ்டோசோமா ஒட்டுண்ணியின் முட்டைகள் சிறுநீர்ப்பையில் தங்கி இதே வகைப் புற்றுக்கு இட்டுச்சென்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அந்த ஒட்டுண்ணியைப் புற்றுக் காரணியாக உறுதிசெய்தது. காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரிக் கனல்சட்டியை உடலோடு அணைப்பவர்களின் வயிற்றுத் தோலிலும் தொடைத் தோலிலும் தோன்றும் புற்றும் செதிள்செல் வகையே.

ஆயினும் கல்லே காரணம் என்று முடித்துவிட இயலாது. கல்லோடு வாழும் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. கல் இல்லாமலும் சிலருக்கு வந்திருக்கிறது. சான்றுகள் பெரிதும் தனி நோயாளர் குறிப்புகளாகவும் பழைய பதிவுகளின் தொகுப்புகளாகவுமே உள்ளன. புற்று சிறுநீர் வழியை அடைத்துத் தேக்கம் உண்டாக்கியதால் கல் பின்னர் வந்திருக்கலாம் என்ற மறுப்பையும் ஒதுக்க முடியாது. எனினும் புற்று தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல் பதிவாகியிருக்கும் நோயாளர்களிடம் அந்த மறுப்பு நிற்பதில்லை. ஆகவே கல், தொற்று, காலம் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆபத்து என்பது என் முடிவு.

இந்நோயின் கொடுமை அது ஒளிந்திருக்கும் விதத்தில் உள்ளது. விலாவலி, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகிய எல்லாவற்றுக்கும் விடையாகக் கல் கண்முன்னே இருக்கிறது. சி.டி. படத்திலும் கல்தான் பளிச்சென்று தெரியும். அதனருகே தடித்த சுவர் நாட்பட்ட தொற்றாகவே வாசிக்கப்படும். செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றிய பிறகு, நுண்ணோக்கியில் நோயியல் நிபுணர்தான் பல நேரங்களில் புற்றை முதலில் காண்கிறார். அதற்குள் அது சுற்றுத் திசுக்களில் பரவியிருக்கும். பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. சிஸ்பிளாட்டின் சார்ந்த மருந்துகளும் கதிர்வீச்சும் இதைப் பெரிதாக மாற்றவில்லை.

ஆயினும் கல்லுள்ள மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வராததால், அனைவரையும் புற்றுக்காகச் சோதிக்கச் சொல்வது வீண் அச்சத்தையும் செலவையுமே தரும். பல ஆண்டு மான்கொம்புக் கல், மீண்டும் மீண்டும் தொற்று, செயல் குன்றிய சிறுநீரகம் என்ற குறுகிய வட்டத்துக்கே கூடுதல் கவனம் தேவை. வலி நின்றுவிட்டது என்பதற்காக இவர்களை விட்டுவிடக் கூடாது. செயலிழந்த சிறுநீரகம் வலியின்றியும் கிடக்கும். துளைவழியே கல்லை எடுக்கும்போது படலம் வெளிறியோ தடித்தோ தெரிந்தால் திசு எடுக்க வேண்டும். அகற்றிய சிறுநீரகத்தின் புனற்சுவரிலிருந்து பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கத் தூண்டும் செய்தி, ஆய்வகத்துக்குச் செல்லும் படிவத்தில் ‘கல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய ஆண்டுகளின் எண்ணிக்கையே.