குருந்தக் கல்லும் கடைசல் இயந்திரமும்

கடைசல் இயந்திரத்தில் உளி இரும்பைச் சுருள் சுருளாகச் சீவி எறியும் காட்சியை நம்மில் பலர் அறிவோம். மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் பெங்களூரிலும் பட்டறைகளில் பணிபுரியும் தமிழர்க்கு அது அன்றாடக் காட்சி. வீட்டின் பின்கட்டில் சிறிய லேத் ஒன்றை அமைத்து, ஓய்வுப் பொழுதைப் பயனுறக் கழிப்போரும் உளர். அவர்கள் அனைவரும் என்றேனும் ஒரு தடையைச் சந்திப்பர்: கடினமாக்கப்பட்ட எஃகு உளிக்கு இணங்குவதில்லை. அப்போது உளி இருக்கும் பீடத்தின்மீது, சாணைச் சக்கரம் பூட்டிய சிறு சுழல்தண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். இச்சிறு துணைக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழ்ச் சொல் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது.

எஃகு மென்மையாய் இருக்கும்போது அதை வேண்டிய அளவிற்குக் கடைந்துவிடலாம். ஆனால் மென்மையான பாகம் விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே அதைப் பழுக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்க வேண்டும். அவ்வாறு தோய்க்கும்போது எஃகு சிறிது வளைகிறது. அதன் அளவும் மாறுகிறது. கடினமாக்குவதற்கு முன் பெற்ற துல்லியம் கடினமாக்கிய பின் நிலைப்பதில்லை. எனவே எஃகு கடினமான பிறகே துல்லியத்தை அதற்கு அளித்தாக வேண்டும். அதற்கு வல்லது எஃகினும் கடிய கல்லே.

அமெரிக்காவின் ராட் தீவு மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்னும் நகர் உள்ளது. அங்கே கடிகாரத் தொழிலில் பழகிய ஜோசப் பிரவுன் என்பவர், லூசியன் ஷார்ப் என்பாருடன் கூட்டாக ஒரு பட்டறை நடத்தினார். 1858-இல் வில்காக்ஸ் கிப்ஸ் தையல் இயந்திரங்களைச் செய்து தரும் பணி அப்பட்டறைக்குக் கிடைத்தது. ஊசியைத் தாங்கி ஓயாது மேலும் கீழும் ஓடும் தண்டு கடினமாகவும் இருக்க வேண்டும். நேராகவும் இருக்க வேண்டும். 1860-களின் நடுவில், சாதாரணக் கடைசல் இயந்திரத்தைத் திருத்தி அமைத்து, உளிக்கு மாற்றாகச் சாணைச் சக்கரத்தைப் பொருத்தி, இத்தகைய பாகங்களைத் தேய்த்தெடுத்தனர்.

வேலை நடந்தது, தொல்லையும் தொடர்ந்தது. சாணைத் துகள் இயந்திரத்தின் படுகைமேல் விழுந்து, துல்லியம் தர வேண்டிய தடங்களையே தேய்த்தது. பிரவுன் பல்லாண்டு சிந்தித்துப் புதிய அமைப்பொன்றைக் கண்டார். அதில் சக்கரம் ஓரிடத்தில் நின்று சுழல, வேலைப்பொருளைத் தாங்கிய மேசை அதன் முன்னே போய்வந்தது. மேசையைச் சற்றே திருப்பினால் கூம்பு வடிவமும் கிடைத்தது. தடங்களைத் துகள் அணுகாமல் காத்தனர். 1876-இல் இந்த இயந்திரம் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரவுன் மறைந்தார். காப்புரிமை 1877-இல்தான் கிடைத்தது. கடைசல் இயந்திரத்தில் ஒட்டவைத்த துணைக்கருவி இவ்வாறு தனி இயந்திரமாக வளர்ந்தது.

இனிக் கல்லின் கதைக்கு வருவோம். எமரி என்னும் இயற்கைக் கல்லே அக்காலச் சக்கரங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. அதற்குக் கூர்மை தருவது அதனுள் கலந்திருக்கும் குருந்தக் கல். சேலம் வட்டாரத்தில் கிடைக்கும் இக்கல்லை நம் நாட்டார் பொடித்து, அரக்குடன் சேர்த்துச் சாணையாக்கி, மணிகளையும் வாட்களையும் தீட்டிவந்தனர். ‘குருந்தம்’ என்னும் தமிழ்ப் பெயரே ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆயிற்று. 1891-இல் எட்வர்டு ஆச்செசன் என்னும் அமெரிக்கர் களிமண்ணையும் கற்கரியையும் மின்சாரத்தால் காய்ச்சிப் புதிய கடும்பொருள் ஒன்றைப் பெற்றார். அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது எனக் கருதி, ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த பொருள். கருத்து பிழைத்தாலும் பெயர் நிலைத்தது. 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் கூடித் தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்தின் வாயிலாக, அச்சொல் பிறந்த மண்ணுக்கே திரும்பியது எனலாம்.

வீட்டுப் பட்டறையில் இத்துணைக்கருவியை அமைப்போர் சில கணக்குகளை மனத்தில் கொள்ள வேண்டும். 4 அங்குலச் சக்கரம் நிமிடத்திற்கு 5,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நிமிடத்தில் ஏறக்குறைய 5,200 அடி ஓடுகிறது. சக்கரத்தில் குறித்துள்ள வேகத்தை ஒருபோதும் மீறலாகாது. மீறினால் அது சிதறி உயிருக்கே ஊறு செய்யும். விரிசலுற்ற சக்கரத்தைத் தட்டினால் மங்கிய ஓசை எழும். அதை ஒதுக்கிவிட வேண்டும். சக்கரத்திற்கு இரும்புக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் இன்றியமையாதவை. வேலைப்பொருள் மெல்லச் சுழல வேண்டும். தொடும் இடத்தில் இரண்டும் எதிரெதிராக ஓட வேண்டும். ஒரு தடவையில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே தேய்ப்பது நன்று. மிகுதியாகத் தேய்த்தால் சூடேறி, எஃகு தன் கடினத்தை இழக்கும். சுழல்தண்டு தாங்கிகளில் சிறிதும் ஆடலாகாது. அது ஆடினால் அந்த ஆட்டம் முழுவதும் வேலைப்பொருளில் பதியும்.

பிரவுனை வருத்திய துகள் இன்றும் நம்மை விடவில்லை. ஆகையால் வேலையைத் தொடங்குமுன் லேத்தின் படுகையைத் துணியாலோ தாளாலோ மூடுவோம். முடிந்தபின் துகளை முற்றும் நீக்கி எண்ணெய் இடுவோம். இவ்வளவு கவனத்துடன் நடத்தினால், பிராவிடன்ஸ் பட்டறையில் தையல் இயந்திரத்தின் ஊசித்தண்டுக்குக் கிட்டிய துல்லியம் நம் வீட்டுப் பட்டறைக்கும் எட்டும்.