மீட்கப்பட்ட குரங்கினங்களின் உணவும் குடல்நலமும்

செல்லப்பிராணி வணிகர்களிடமிருந்தும் வேட்டைக்காரர்களிடமிருந்தும் கைப்பற்றப்பட்டு மறுவாழ்வு மையங்களுக்கு வந்துசேரும் குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், தேவாங்குகள் ஆகியவற்றிடம் கழிச்சல், வயிற்று உப்புசம், உடல் மெலிவு, பல்நோய் ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றைக் கிருமித்தொற்றாகக் கொண்டு மருந்து தருவதே வழக்கமான முதல் நடவடிக்கை. தொற்றும் ஒட்டுண்ணிகளும் உண்மையிலேயே இருப்பதுண்டு. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் சேர்ந்துள்ள சான்றுகள் வேறொரு காரணத்தையும் சுட்டுகின்றன. இந்த நோய்களில் ஒரு பெரும்பகுதி, மனிதர் நல்லெண்ணத்துடன் கொடுக்கும் உணவால் தொடங்குகிறது அல்லது அதனால் நீடிக்கிறது. ஆகவே மீட்பு மையத்தில் உணவைப் பராமரிப்புச் செலவுகளில் ஒன்றாக மட்டும் கருத முடியாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

குடலின் அமைப்பு

பாலூட்டிகள் எவற்றாலும் செல்லுலோசைத் தாமாகச் செரிக்க முடியாது. அந்த வேலையைச் செய்வன குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அவை நார்ச்சத்தை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்னும் குறுந்தொடர் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு பியூட்டிரேட்டே முதன்மை எரிபொருள். கொரில்லா போன்ற விலங்குகள் தம் ஆற்றலில் பாதிக்கும் மேல் இந்த அமிலங்களிலிருந்து பெறக்கூடும் என்று 1997-இல் வெளியான ஒரு கணக்கீடு மதிப்பிட்டது. இந்த நொதித்தல் எங்கே நடக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறுபடும். கொரில்லாவிலும் அமெரிக்கக் கண்டத்து ஊளைக் குரங்கிலும் அது பின்குடலில் நடக்கிறது. இலையுண்ணும் கொலோபைன் குழுவில் இரைப்பையே பல அறைகளாகப் பிரிந்து, முதல் அறைகள் நொதிகலமாகச் செயல்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி கருமந்தி, வியட்நாமின் டூக் குரங்கு, போர்னியோவின் நீள்மூக்குக் குரங்கு ஆகியவை இந்தக் குழுவைச் சேர்ந்தவை. அந்த அறைகளில் அமிலத்தன்மை குறைவாக இருந்தால்தான் நுண்ணுயிர்கள் பிழைக்கும். சர்க்கரை மிகுந்த உணவு அங்கே விரைவாக நொதித்து அமிலத்தை ஏற்றிவிடும். வாயு சேர்ந்து வயிறு உப்பும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும்.

நெருங்கிய உறவினங்களுக்கும் ஒரே உணவு பொருந்துவதில்லை. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்ப் பகுதியில் தேவாங்குகளை ஆராய்ந்த அன்னா நெக்காரிஸ், அவற்றின் உணவில் ஏறத்தாழ 96 விழுக்காடு பூச்சி உள்ளிட்ட சிற்றுயிர்களே என்று பதிவு செய்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த, 'ஸ்லோ லோரிஸ்' எனப்படும் தென்கிழக்காசியத் தேவாங்குக்கோ மரப்பிசின் இன்றியமையாத உணவு. இரண்டுக்கும் ஒரே கிண்ணத்தில் வாழைப்பழம் நறுக்கி வைப்பது இரண்டுக்குமே பொருந்தாது.

பழம் என்னும் சிக்கல்

குரங்கு பழம் தின்னும் விலங்கு என்ற பொதுவான நம்பிக்கைதான் இந்தத் தவற்றின் வேர். காட்டில் பல இனங்கள் பழம் தின்பது உண்மையே. ஆனால் காட்டுப் பழமும் சந்தைப் பழமும் ஒன்றல்ல. மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பழங்களில் சர்க்கரை கூடியும் நார் குறைந்தும் உள்ளன. சர்க்கரையின் வகையும் வேறுபடுகிறது. காட்டுப் பழங்களில் குளுக்கோசும் பிரக்டோசும் மேலோங்கியிருக்க, பயிரிடப்பட்ட பழங்கள் பலவற்றில் சுக்ரோஸ் மேலோங்கியுள்ளது என்பதை கேத்தரின் மில்டன் எடுத்துக்காட்டியிருக்கிறார். இங்கிலாந்தின் பெயின்டன் விலங்குக்காட்சிசாலை தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் தருவதைக் கைவிட்ட செய்தி 2014-இல் உலகெங்கும் வேடிக்கையாகப் பேசப்பட்டது. அந்த முடிவுக்குப் பின்னிருந்த கணக்கு எளிமையானது: ஊட்டச்சத்தின் அளவில் சந்தைப் பழத்துக்குக் காட்டில் ஈடாக இருப்பது எதுவுமில்லை, காய்கறியும் கீரையுமே காட்டுப் பழத்துக்கு நெருங்கி வருகின்றன.

சான்றுகள்

இந்தத் துறையில் மிகுதியாகப் பேசப்படும் ஆய்வை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் கிளேட்டன், டான் நைட்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்டனர். டூக் குரங்குகளையும் நடு அமெரிக்காவின் ஊளைக் குரங்குகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். காட்டில் வாழ்ந்தவற்றின் குடலில் இருந்த இனத்துக்கே உரிய நுண்ணுயிர்கள் அடைப்பில் வாழ்ந்தவற்றில் பெருமளவு மறைந்திருந்தன. அவற்றின் இடத்தில், இன்றைய மனிதரின் குடலில் மேலோங்கியுள்ள பாக்டீராய்டெஸ், பிரிவோடெல்லா பேரினங்கள் பெருகியிருந்தன. வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த, வெவ்வேறு வகையில் செரிக்கும் இரு இனங்கள் ஒரே திசையில் நகர்ந்திருந்தன. வியட்நாமின் குக் புவோங் தேசியப் பூங்காவில் 1993-இல் தொடங்கப்பட்ட அழிநிலைக் குரங்கின மீட்பு மையத்தின் டூக் குரங்குகளும் இந்த ஒப்பீட்டில் இருந்தன. அங்கே பறித்துவந்த பலவகை உள்ளூர்த் தழைகளே அவற்றின் முதன்மை உணவு. அவற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் காட்டு விலங்குகளுக்கும் காட்சிசாலை விலங்குகளுக்கும் இடைப்பட்டதாக இருந்தது.

இரண்டாவது சான்று இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. செல்லப்பிராணி வணிகத்தில் ஸ்லோ லோரிஸின் பற்களை வெட்டி எறிவது வழக்கம். மீட்கப்பட்ட பிறகும் அது பட்டையைக் கீறிப் பிசின் எடுக்க முடியாமல் போகிறது; பராமரிப்பவர் மென்மையான பழத்தைத் தருகிறார்; எஞ்சிய பற்களும் சொத்தையாகின்றன. உடல் பருமனும் சிறுநீரக நோயும் அடைப்பில் வாழும் இந்த விலங்குகளிடம் பதிவாகியுள்ளன. பிரான்சிஸ் கபானாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு மீட்பு மையத்தில் பழத்தை விலக்கி, பிசின், பூச்சி, காய்கறி ஆகியவற்றைக் கொண்டு காட்டுணவை ஒத்த உணவைக் கொடுத்துப் பார்த்தனர். அதன் விளைவாக அதே விலங்குகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியது. கொரில்லாக்களிடமும் இதற்கு இணையான ஒரு மாற்றம் காணப்பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து விலங்குக்காட்சிசாலை மாவுச்சத்து மிகுந்த பிஸ்கட் தீவனத்தை நிறுத்திக் கீரையும் தழையும் கொடுத்தபோது, இரு ஆண் கொரில்லாக்களும் முன்பைவிட மிகுதியாகத் தின்றும் தலா 30 கிலோ அளவுக்கு எடை இழந்தன. உண்டதைக் கக்கி மீண்டும் உண்ணும், காட்டில் காணப்படாத பழக்கமும் நீங்கியது.

மறுப்புகள்

அடைப்பு வாழ்வில் மாறுவது உணவு மட்டுமல்லவே என்பது முதல் மறுப்பு. மனஅழுத்தம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், மனிதத் தொடர்பு, கூண்டின் கிருமிநீக்கம் எல்லாமே குடலைப் பாதிக்கக்கூடும். இது நியாயமான மறுப்பு. காட்டையும் கூண்டையும் ஒப்பிடும் ஆய்வுகளால் மட்டும் இதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஸ்லோ லோரிஸ், கொரில்லா ஆய்வுகளின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அவற்றில் கூண்டும் பராமரிப்பவர்களும் மாறவில்லை, உணவே மாறியது, விளைவும் மாறியது. மற்றக் காரணங்கள் பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அவற்றுள் பராமரிப்பவர் இன்றே மாற்றக்கூடியது உணவு என்பதே முடிவு. நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவது நோயல்ல, புதிய உணவுக்கு ஏற்ற தகவமைப்பு என்று இன்னொரு வாதமும் உண்டு. வாழ்நாள் முழுவதும் கூண்டில் இருக்கப்போகும், உடலில் குறையேதும் காட்டாத விலங்குக்கு அது ஓரளவு பொருந்தலாம். காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்குக்குப் பொருந்தாது. அங்கே அதற்குக் கிடைக்கப்போவது இலையும் பிசினும்தான்.

நுண்ணுயிர்களையே மருந்தாகக் கொடுத்துவிடலாம் என்பது மூன்றாவது வாதம். எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு இருபுறமும் வெளிச்சம் தருகிறது. மனிதக் குடல் நுண்ணுயிர்கள் குடியேற்றப்பட்ட எலிகளுக்கு நார் குறைந்த உணவைத் தந்தபோது, ஒரு தலைமுறைக்குள் ஏற்பட்ட இழப்பு நார் திரும்பியதும் பெரும்பாலும் மீண்டது. பல தலைமுறைகள் கடந்த இழப்போ, மறைந்த நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் மீண்டது என்று சொனன்பர்க் குழுவினர் 2016-இல் காட்டினர். குரங்கினங்களுக்கும் இது பொருந்துமானால், காட்டில் பிறந்து மீட்கப்பட்ட விலங்கு, கூண்டில் பல தலைமுறை கண்ட விலங்கைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அதன் குடலில் எஞ்சியிருப்பதை உணவே மீட்கக்கூடும். நுண்ணுயிர்களைப் புறத்திலிருந்து கொடுத்தாலும், அவற்றுக்கு உணவாகும் நார் இல்லையென்றால் அவை நிலைக்கா.

நடைமுறை

செலவு என்பதே மையங்கள் முன்வைக்கும் கடைசித் தடை. நாள்தோறும் தழை பறிக்க ஆளும் நிலமும் வேண்டும். பழமோ சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. வறண்ட பருவத்திலும் குளிர்நாட்டிலும் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. இதற்கு முழுத் தீர்வு இல்லை, ஆனால் வழிகள் உண்டு. தழையை உறையவைத்தும், காற்றுப்புகாமல் நொதிக்கவைத்தும் சேமிக்கும் முறைகளைக் காட்சிசாலைகள் பயன்படுத்துகின்றன. கீரைகளும் கிழங்கல்லாத காய்களும் பழத்தின் இடத்தைப் பெருமளவு நிரப்பும். பிசினைக் கிளைகளில் துளையிட்டு ஊற்றி வைக்கலாம். அப்போது விலங்கு தன் உணவைத் தேடவும் நேரிடுகிறது. எந்த மாற்றமும் படிப்படியாக நடக்க வேண்டும்; பழத்துக்குப் பழகிய குடலில் ஒரே நாளில் தழையை நிறைத்தால் செரிக்க நுண்ணுயிர் போதாது. முன்குடல் நொதிப்பு இனங்களுக்கு வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லி தருவதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் அந்த மருந்து முதலில் சென்றடைவது நொதிகலத்தைத்தான்.

எனவே ஒரு விலங்கு மையத்துக்கு வந்த முதல் நாளிலேயே அதன் இனத்தை அடையாளம் கண்டு, அந்த இனத்தின் காட்டுணவைப் பற்றிய ஆய்வுகளைப் பார்த்து உணவுப் பட்டியல் வகுப்பது இன்றியமையாதது. எடையுடன் மலத்தின் தன்மையும் பல்லின் நிலையும் தொடர்ந்து பதிவாக வேண்டும். கழிச்சல் தொடரும்போது அடுத்த மருந்தைத் தேர்வதற்கு முன் உணவுப் பட்டியலைச் சரிபார்ப்பதே இந்தச் சான்றுகளிலிருந்து பெறப்படும் நேரடியான விதி.